இயக்கம், விசை, வேலை: சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இந்த மூன்று பாடங்களிலும் கணக்கு வராமல் தவிக்கிற மாணவர்களுக்குப் பெரும்பாலும் சூத்திரம் தெரியும், இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு காணவும் தெரியும். கேள்வியைப் படித்து முடித்ததற்கும் முதல் சமன்பாட்டை எழுதுவதற்கும் நடுவில் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அதனால் கேள்வியில் இருக்கிற எண்களைப் பார்க்கிறார்கள், அவை எந்தச் சூத்திரத்தில் பொருந்தும் என்று தேடுகிறார்கள், பொருந்தியதில் போட்டுவிடுகிறார்கள். எளிய கணக்கில் இது பலித்துவிடும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் கொஞ்சம் மாற்றிக் கேட்டவுடன் மொத்தமும் சரிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்த நடுப்பகுதியைப் பற்றியது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களையும் கல்லூரி முதலாண்டில் இயற்பியலைத் துணைப்பாடமாக எடுத்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். புவியீர்ப்பு முடுக்கத்தை எல்லாக் கணக்கிலும் 10 என்றே வைத்துக்கொள்கிறேன். உண்மையான மதிப்பு ஏறக்குறைய 9.8, தேர்வில் கேள்வித்தாள் எதைச் சொல்கிறதோ அதைப் போடுங்கள். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும், வெறுமனே வாசித்துக்கொண்டு போனால் பயனில்லை.

எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்?

கேள்வியைப் படித்தவுடன் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது. ஒரு கணக்கைப் பாருங்கள். வழவழப்பான மேசைமேல் 3 கிலோ கட்டை ஒன்று இருக்கிறது, அதன் பின்னால் கயிற்றால் கட்டிய 2 கிலோ கட்டை. முன்கட்டையை 20 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். உராய்வு இல்லை, கயிற்றின் நிறையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கயிற்றின் இழுவிசை என்ன?

முன்கட்டையை மட்டும் எடுத்தால் அதன்மேல் முன்னோக்கி 20, பின்னோக்கி இழுவிசை. முடுக்கமும் தெரியாது, இழுவிசையும் தெரியாது, ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாதவை. சரி, இரண்டு கட்டைகளையும் கயிற்றையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்துப் பாருங்கள். இப்போது இழுவிசை உள்ளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வெளியிலிருந்து வருவது 20 நியூட்டன் மட்டும்தான். மொத்த நிறை 5 கிலோ, ஆகவே முடுக்கம் 4. அப்புறம் பின்கட்டையை மட்டும் தனியாக எடுங்கள். அதைக் கிடைமட்டமாக இழுப்பது கயிறு ஒன்றுதான், ஆகவே இழுவிசை 2 × 4 = 8 நியூட்டன். சரிபார்க்க முன்கட்டைக்குத் திரும்புங்கள்: 20 − 8 = 12, அது 3 × 4. பொருந்துகிறது.

இங்கே போட்ட கணிதம் ஆறாம் வகுப்புக் கணிதம். எப்போது சேர்த்து எடுப்பது, எப்போது பிரித்து எடுப்பது என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. கப்பி, லாரியும் டிரெய்லரும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் என்று எது வந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை மட்டும் தனியாக வரையுங்கள், மேசை வேண்டாம், கயிறு வேண்டாம், ஒரு சதுரமோ புள்ளியோ போதும். பாடநூலில் இதற்குத் தனித்த பொருளின் விசைப்படம் என்று பெயர். அதில் விசைகளைக் குறிக்க ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் புவியீர்ப்பு, நேர் கீழே. பிறகு, இந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை என்று ஒரு சுற்று பார்க்க வேண்டும். தரை தொடுகிறதா, அப்படியானால் செங்குத்து விசை உண்டு, உராய்வும் இருக்கலாம். கயிறு தொடுகிறதா, இழுவிசை. சுருள்வில்லோ தள்ளும் கையோ தொடுகிறதா, அதன் விசை. அவ்வளவுதான், இந்தப் பாடங்களில் வேறு எதுவும் வராது.

வரைந்த ஒவ்வொரு அம்புக்குறிக்கும் இதைக் கொடுப்பது எது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள். மேலே எறிந்த பந்துக்குப் பலர் மேல்நோக்கி எறிந்த விசை என்று ஒன்று வரைவார்கள். கையை விட்டுப் போன பிறகு அதைக் கொடுப்பது யார்? யாரும் இல்லை. காற்றின் தடையை விட்டுவிட்டால் பந்தின்மேல் இருப்பது புவியீர்ப்பு மட்டுமே, மேலே போகும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும். உச்சியில் திசைவேகம் சுழி, முடுக்கம் அப்போதும் 10, கீழ்நோக்கி. இந்த ஒரு வரி முழுதாகப் புரிந்துவிட்டால் பாதிப் பாடம் புரிந்த மாதிரி.

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடை கீழே, மேசை தரும் செங்குத்து விசை மேலே, இரண்டும் சமம். இவை வினையும் எதிர்வினையும் அல்ல! இரண்டுமே புத்தகத்தின்மேல் இருக்கின்றன, மூன்றாம் விதி சொல்லும் இணை எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருட்கள்மேல் இருக்கும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் இணை, புத்தகம் பூமியை இழுப்பது. விசைப்படத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் வரைந்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு இணையின் இரண்டு விசைகளும் ஒரே படத்தில் வரவே முடியாது, வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

திசையை ஒரு முறை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

மேல்நோக்கி கூட்டல் என்று வைத்தால் கடைசி வரி வரைக்கும் மேல்நோக்கி கூட்டல்தான். பாதியில் பந்து கீழே திரும்புகிறதே என்று குறியை மாற்றினால் கணக்கு கெட்டுவிடும். 15 மீட்டர் உயர மொட்டைமாடியின் விளிம்பிலிருந்து ஒரு கல்லை நேர் மேலே வினாடிக்கு 10 மீட்டர் திசைவேகத்தில் எறிகிறீர்கள், அது கட்டடத்தை ஒட்டிக் கீழே தரையில் விழுகிறது. எவ்வளவு நேரம் ஆகும்?

பலர் இதை இரண்டு துண்டாக்குவார்கள், முதலில் மேலே போகும் நேரம், பிறகு உச்சியிலிருந்து விழும் நேரம். அது தப்பில்லை, ஆனால் தேவையும் இல்லை. மேலே கூட்டல், எறிந்த இடம் சுழி என்று வையுங்கள். தொடக்கத் திசைவேகம் +10, முடுக்கம் −10, தரை இருப்பது −15இல். இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். நேரத்தை நே என்று குறித்தால்:

−15 = 10நே − 5நே²

ஒழுங்குபடுத்தினால் நே² − 2நே − 3 = 0. தீர்வுகள் 3, −1. விடை 3 வினாடி. உச்சி எங்கே, எப்போது திரும்பியது என்று ஒன்றும் யோசிக்கவில்லை, குறிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டன.

அந்த −1ஐ எல்லோரும் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள், அதற்கு அர்த்தம் இருக்கிறது. நீங்கள் எறிவதற்கு 1 வினாடி முன்பு யாரோ தரையிலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் மேலே எறிந்திருந்தால், சரியாக நீங்கள் எறிகிற நொடியில் அது மாடி விளிம்பை வினாடிக்கு 10 மீட்டரில் தாண்டும், அப்புறம் இரண்டு கற்களுக்கும் ஒரே பயணம்தான். சமன்பாட்டுக்கு நீங்கள் எப்போது எறிந்தீர்கள் என்று தெரியாது, அந்தப் பாதை முழுவதையும் அது சொல்கிறது. அதே கல்லை மாடியிலிருந்து வினாடிக்கு 10 மீட்டரில் கீழ்நோக்கி எறிந்தால் தரையைத் தொட ஆகும் நேரமும் 1 வினாடிதான், போட்டுப் பாருங்கள்.

திசை விஷயத்தில் இன்னொரு இடறல் லிஃப்ட் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் லிஃப்டுக்குள் எடைபார்க்கும் இயந்திரத்தின்மேல் நிற்கிறார். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருக்கிறது, கடைசி மாடி நெருங்குவதால் முடுக்கத்தின் அளவு 2 என்ற வீதத்தில் வேகம் குறைகிறது. இயந்திரம் அவரைத் தாங்கும் விசை எவ்வளவு? மேலே போகிறது என்ற சொல்லைப் பார்த்ததும் 60 × 12 = 720 என்று எழுதத் தோன்றும். மேலே போவது திசைவேகம். வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் அதற்கு எதிராக, அதாவது கீழ்நோக்கி. ஆகவே 60 × (10 − 2) = 480 நியூட்டன். விசை முடுக்கத்தோடுதான் உறவு வைத்திருக்கிறது, பொருள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதோடு இல்லை.

எந்த வழியில் போவது?

படம் இருக்கிறது, திசை இருக்கிறது, இப்போதுதான் சமன்பாடு. நமக்கு மூன்று வழிகள் உண்டு: இயக்கச் சமன்பாடுகள், நியூட்டனின் இரண்டாம் விதி, வேலை–ஆற்றல் தேற்றம். எதை எடுப்பது என்பதைத் தீர்மானிக்க நான் சொல்லும் வழி, கேள்வியில் நேரம் வருகிறதா என்று பார்ப்பது. நேரம் கொடுக்கப்பட்டிருந்தாலோ கேட்கப்பட்டிருந்தாலோ இயக்கச் சமன்பாடுகள் பக்கம் போங்கள். நேரமே இல்லாமல் விசை, தூரம், வேகம் என்று மட்டும் இருந்தால் வேலை–ஆற்றல் குறுக்கு வழி. முடுக்கத்தையோ இழுவிசை, செங்குத்து விசை போன்ற ஒரு விசையையோ கேட்டால் இரண்டாம் விதி.

ஒரு எச்சரிக்கை. வகுப்பில் எல்லோரும் ஒப்பிக்கும் வி = யூ + ஏடி முதலான மூன்று சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே செல்லும். சுருள்வில் தள்ளும் பொருளுக்கு விசை ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறது, அங்கே அவற்றைப் போட்டால் விடை வரும், ஆனால் தப்பான விடை. ஆரம்பத்திலேயே இந்தச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு இந்த நிபந்தனையை அழுத்திச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு என்று நினைக்கிறேன், பல மாணவர்கள் அதன் விலையை இரண்டு வருடம் கொடுக்கிறார்கள்.

ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து பிரேக் போட்டு, சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, சமதளச் சாலையில் சறுக்கி நிற்கிறது. உராய்வுக் குணகம் 0.5. எவ்வளவு தூரம் சறுக்கும்? முதலில் அலகு: 54ஐ 5/18ஆல் பெருக்கினால் வினாடிக்கு 15 மீட்டர். இதைச் செய்யாமல் எந்தச் சமன்பாட்டையும் தொடாதீர்கள்.

விசை வழி: கிடைமட்டத்தில் உராய்வு மட்டுமே. அது 0.5 × நிறை × 10, ஆகவே முடுக்கத்தின் அளவு 5, பின்னோக்கி. இறுதித் திசைவேகம் சுழி, ஆகவே 15² = 2 × 5 × தூரம், தூரம் 22.5 மீட்டர்.

வேலை வழி: தொடக்கத்தில் இருந்த இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு தின்கிறது. ½ × நிறை × 225 = 0.5 × நிறை × 10 × தூரம். இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது, தூரம் அதே 22.5.

பேருந்தின் நிறையைக் கேள்வி கொடுக்கவே இல்லை என்று கலங்கியவர்கள் இருப்பார்கள். தேவைப்படவில்லை என்பதுதான் பதில். தெரியாத ஒன்று கேள்வியில் இல்லையென்றால் ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டு தொடருங்கள், பெரும்பாலும் அது தானே அடிபடும். கீழே விழும் பொருட்களிலும் இப்படித்தான். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அங்கே காற்று இல்லை, அதனால் நிறை அடிபட்டுப் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. அதே பேருந்து மணிக்கு 108 கிலோமீட்டரில் போனால் சறுக்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, 90 மீட்டர். இது தேர்வுக்கு மட்டும் வேண்டிய தகவல் இல்லை, வண்டி ஓட்டுகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 1 வினாடி ஆனால் அந்த ஒரு வினாடியிலேயே இன்னும் 30 மீட்டர் போயிருக்கும்.

உராய்வில் இரண்டு பள்ளங்கள்

முதலாவது, ஓய்வுநிலை உராய்வு. 20 கிலோ பெட்டியைத் தரையில் 30 நியூட்டன் விசையால் கிடைமட்டமாகத் தள்ளுகிறீர்கள், ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. உராய்வு விசை எவ்வளவு? 0.4 × 200 = 80 என்று எழுதினால் தவறு. 80 என்பது உராய்வு எட்டக்கூடிய எல்லை. பெட்டி நகரவில்லை, முடுக்கம் சுழி, ஆகவே உராய்வு 30 நியூட்டன். 50ஆல் தள்ளினால் 50. எல்லையைத் தாண்டினால்தான் கதை மாறும். உராய்வுக் கணக்கு என்றாலே முதலில் பொருள் நகருமா என்று பாருங்கள்.

இரண்டாவது, செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற நினைப்பு. லாரியில் மூட்டை ஏற்றும் பலகையை எடுத்துக்கொள்வோம். பலகையின் நீளம் 2.5 மீட்டர், லாரித் தளத்தின் உயரம் 1.5 மீட்டர், 50 கிலோ அரிசி மூட்டையைப் பலகைக்கு இணையாகக் கயிற்றால் மாறாத வேகத்தில் இழுக்கிறார்கள், உராய்வுக் குணகம் 0.25. பலகை தரையோடு ஆக்கும் கோணத்தைத் தீட்டா என்று வைத்தால் சைன் தீட்டா 1.5/2.5 = 0.6, காஸ் தீட்டா 0.8. எடையான 500 நியூட்டனைப் பலகைக்கு இணையாகவும் செங்குத்தாகவும் பிரித்தால் இணையாகக் கீழ்நோக்கி 300, பலகையை அழுத்துவது 400. பலகைக்குச் செங்குத்தான திசையில் மூட்டை நகரவில்லை, ஆகவே செங்குத்து விசை 400, 500 அல்ல. உராய்வு 0.25 × 400 = 100. இழுக்க வேண்டிய விசை 300 + 100 = 400 நியூட்டன்.

எங்கே சைன், எங்கே காஸ் என்று குழம்பினால் மனப்பாடம் செய்ய வேண்டாம், பலகையைக் கற்பனையில் தட்டையாகப் படுக்க வையுங்கள். கோணம் சுழி ஆகிறது, அப்போது மூட்டை சறுக்கக் கூடாது. கோணம் சுழியாகும்போது சுழியாவது சைன். ஆகவே சறுக்க வைக்கும் பகுதி சைனோடு வரும்.

வேலையையும் பார்த்துவிடுவோம். கயிறு செய்த வேலை 400 × 2.5 = 1000 ஜூல். புவியீர்ப்புக்கு எதிராக 500 × 1.5 = 750, உராய்வுக்கு எதிராக 100 × 2.5 = 250. கூட்டினால் 1000. இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிறபோது ஒரு நிம்மதி கிடைக்குமே, அதற்காகவே இந்தச் சரிபார்ப்பைச் செய்யலாம். பலகை இல்லாமல் நேராகத் தூக்கினால் 750 ஜூல் போதும், ஆனால் 500 நியூட்டன் விசை வேண்டும். பலகை வேலையைக் குறைக்கவில்லை, உராய்வால் கூட்டவே செய்கிறது, குறைப்பது விசையை.

வேலைக் கணக்கில் எந்த விசை செய்த வேலை என்று எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். வேலை என்று மொட்டையாக எழுதினால் குழப்பம்தான். மேலே உள்ள மூட்டையின்மேல் செங்குத்து விசை செய்த வேலை சுழி, ஏனென்றால் அது நகரும் திசைக்குச் செங்குத்து. உராய்வு செய்த வேலை −250, புவியீர்ப்பு செய்தது −750, கயிறு செய்தது +1000. மொத்தம் சுழி, ஆகவே வேகம் மாறவில்லை, கேள்வியும் அதைத்தான் சொன்னது.

விடை வந்த பிறகு

அலகைப் பாருங்கள். தூரம் கேட்டிருக்கும்போது அலகு மீட்டராக வராவிட்டால் எங்கோ ஒரு நேரமோ வேகமோ விட்டுப்போயிருக்கும். அலகுக் குழப்பம் பெரியவர்களையும் விடவில்லை: 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது, ஒரு மென்பொருள் கணத்தாக்கை பவுண்டு–வினாடியில் கொடுக்க, அதைப் பெற்றவர்கள் நியூட்டன்–வினாடி என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

பிறகு அளவு. 1 நியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிராம் பொருளின் எடை, அதை 1 மீட்டர் தூக்கினால் 1 ஜூல். இந்த உணர்வு கைக்கு வந்துவிட்டால் ஒரு மனிதன் இழுக்கும் கயிற்றில் 40,000 நியூட்டன் என்று விடை வரும்போது உடனே சந்தேகம் வரும்.

பழகுவதற்கு ஒரு யோசனை. தீர்த்த கணக்கை வாசித்துப் புரிந்துகொண்டதைத் தெரிந்ததாக நினைக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் படத்திலிருந்து தொடங்கி மறுபடி போடுங்கள், எங்கே நின்றீர்களோ அந்த இடத்தை மட்டும் ஒரு நோட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிகிறபோதெல்லாம் ஒரே கணக்கை இரண்டு வழியில் போடுங்கள், புதிதாக இன்னொரு கணக்கு போடுவதைவிட இதில் கிடைப்பது அதிகம்.

இப்போதே ஒன்று போடலாம். மேலே சொன்ன பலகையின் உச்சியில் ஓய்வில் இருக்கும் அதே 50 கிலோ மூட்டை, கயிறு அறுந்து சறுக்கத் தொடங்குகிறது. அடியைத் தொடும்போது அதன் வேகம் என்ன? இந்த முறை உராய்வு எந்தப் பக்கம் என்று படத்தில் முதலில் குறியுங்கள். முடுக்கம் கண்டுபிடித்து ஒரு முறை, வேலை–ஆற்றலால் ஒரு முறை. இரண்டிலும் வேகத்தின் வர்க்கம் 20, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 4.5 மீட்டர் என்று வர வேண்டும். வந்துவிட்டால், மூட்டை 100 கிலோவாக இருந்தால் இந்த வேகம் மாறுமா என்பதையும் எழுதிப் பாருங்கள்.